சிவப்புப் பெட்டிக்கு வந்த சாமி

சினிமாப் பாட்டுக்குச் சாமி வராது. எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. பம்பை மேளத்துக்குக்கூடக் கால்தான் ஆடும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமியை இழுக்கும்போதுதான் மாரியாத்தா யார் மேலாவது இறங்குவாள். அதனால் திருவிழாவின் கடைசி நாள், பாட்டுக் கச்சேரிக்கு மட்டும், பெண்கள் பயமில்லாமல் நல்ல சேலை கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்ற வருடம் அது. கச்சேரிக்குக் கிட்டார் வாசிக்க வந்தவர் என் தாய்மாமா. பெங்களூரில் கம்பெனி வேலை, பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். வேலை நேரம் போக ஒரு பாட்டுக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். மொரப்பூரில் ரயிலிறங்கி, கிட்டாரைத் தோளிலும் ஒரு துணிப்பையைக் கையிலும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பைக்குள் இரண்டு இரும்புப் பெட்டிகள், கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று. சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு. ஃபஸ் பெடல் என்றார். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மாட்டிக் காலால் மிதித்தால் சத்தம் கரகரத்து நீளுமாம்.

"நல்லா இருக்கற சத்தத்த எதுக்குடா தம்பி காசு குடுத்துக் கெடுக்கற?" என்று அம்மா கேட்டாள்.

இரண்டு பெட்டியில் எதை மேடைக்குக் கொண்டுபோவது என்று அவருக்கே முடிவாகவில்லை. மைக் செட்டுக்காரரும் தன் பங்குக்கு இரண்டு ஆம்ப்ளிஃபயர் கொண்டுவந்து எங்கள் களத்தில் இறக்கினார். ஒன்று புதுசு, சுவிட்சைப் போட்டதும் பாடும். இன்னொன்று உள்ளே கண்ணாடிக் குழல் எரிகிற பழசு. "இது சூடு ஏறினாத்தான் பேசுங்க. ஆனா பேசுச்சுன்னா ஊரே கேக்கும்" என்றார். கதவு அகலத்துக்கு ஒரு பெட்டி ஸ்பீக்கரைச் சாய்த்து வைத்து, மாமா மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தார். கோழிகள் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடிப்போயின. கறுப்புப் பெட்டியை மிதித்தால் வண்டு ரீங்காரம். மாமாவுக்கு அதுதான் பிடித்திருந்தது.

எங்கள் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, அங்கேதான் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கச்சேரிக்கு மறுநாள் காலை அவளுக்கு வெற்றிலை பாக்கு மாற்றுவதாக இருந்தது. மாப்பிள்ளை பாப்பாரப்பட்டிப் பக்கம். நிலம் நிறைய. முதல் சம்சாரம் காலமாகிவிட்டாள். மூத்த மகளுக்கு அத்தை வயது. "எனக்கு வேண்டாம்ண்ணா" என்று அத்தை ஒரே ஒரு தடவை சொன்னாள். "உன்ன ஆரு கேட்டது?" என்றார் அப்பா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்கள் குடும்பத்தில் ஆண்கள் சொன்னதை மறுத்துப் பேசும் வழக்கம் கிடையாது. அப்பா எதிரே வந்தால் அத்தை சுவரோடு ஒட்டி நின்று வழி விடுவாள்.

அன்று அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"மாமா, அந்தச் செவப்புப் பெட்டிய இன்னொரு தடவ மிதிங்க. பழைய மிசினுல."

மாமா மிதித்தார். தடித்த கம்பியில் விரலை வழுக்கி இழுத்தார். முறத்தில் கிடந்த கேழ்வரகு துள்ளியது.

"இதையே வச்சுக்கங்க" என்றாள் அத்தை.

"என்ன புள்ள இது, உறுமியாட்டம் இருக்குது. உறுமி வேணும்னா உறுமிக்காரர கூப்பிட வேண்டியதுதான, நான் எதுக்கு?"

"புதுசா இருக்குது மாமா. ஊருல ஆரும் கேட்டிருக்க மாட்டாங்க."

புதுசு என்ற சொல் மாமாவை வீழ்த்திவிட்டது. கறுப்புப் பெட்டி பைக்குள் போய்விட்டது.

கச்சேரிக்கு மாப்பிள்ளையும் வந்திருந்தார். முன்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு, மடக்கு நாற்காலியில். பெண்கள் பக்கம் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் அத்தை உட்கார்ந்திருந்தாள். நாலைந்து பாட்டு நல்லபடியாகப் போயிற்று. அடுத்த பாட்டின் நடுவில் மாமா ஒரு எட்டு முன்னால் வந்து சிவப்புப் பெட்டியை மிதித்தார்.

ஸ்பீக்கர் உறுமியை இழுத்தது. ஊரே ஒரு தரம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டு நான் திரும்பினேன். அத்தையின் தலை சுழன்றுகொண்டிருந்தது. பூ ஒருபக்கம் போயிற்று, கொண்டை அவிழ்ந்தது. எழுந்தவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக முன்வரிசைக்குப் போனாள்.

"டேய்" என்றாள் அப்பாவைப் பார்த்து.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பார்த்துவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு உறைந்துபோனதுபோல வேறு எதற்கும் நான் உறைந்ததில்லை. அப்பா மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"சொல்லு ஆத்தா. என்ன கொற வச்சேன்?"

"எம்புள்ளய எந்த வூட்டுக்குடா தள்ளப் பாக்கற? அந்த வாசப்படிய இவ மிதிச்சா, நான் உன் எல்லையில இருக்க மாட்டேன்டா."

அப்பா நெடுஞ்சாண்கிடையாக மண்ணில் விழுந்தார். மாப்பிள்ளையும் எழுந்து கைகூப்பி, தான் என்ன தப்புச் செய்தோம் என்று கேட்டார். பாவம், கேட்டிருக்க வேண்டாம்.

"பேரன் எடுக்கற வயசுல உனக்குப் பாக்குத் தட்டு கேக்குதாடா?"

பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமா சிவப்புப் பெட்டியிலிருந்து காலை எடுக்க மறந்து நின்றார். பூசாரி ஓடிவந்து அத்தையின் நெற்றியில் திருநீறு பூசியதும் அவள் துவண்டு விழுந்தாள். மைக் செட்டுக்காரர் ஸ்பீக்கருக்கும் குங்குமப் பொட்டு வைத்தார். மாமா அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை மிதிக்கவே இல்லை. சாமி வரவழைக்கிற சாமானைக் காலால் தொடுவது பாவம் என்று பெங்களூருக்குப் போகும்போது கோயிலிலேயே விட்டுவிட்டுப் போனார்.

பாப்பாரப்பட்டிக்காரர் அன்றே வண்டி ஏறிவிட்டார். தாம்பூலத் தட்டு பரணுக்குத் திரும்பியது.

மறுநாள் காலை, களிக்கு மாவு எடுக்க அம்மா பானைக்குள் கை விட்டாள். கையோடு ஒரு துணி முடிச்சு வந்தது. உள்ளே அத்தையின் பச்சைக் கண்ணாடி வளையல்கள், நிச்சயத்துக்கென்று வாங்கிப் போட்டவை, ஒன்றுகூட உடையாமல். சாமி வந்த பெண்கள் தரையில் கையை அறைவதில் வளையல் நொறுங்கி மணிக்கட்டெல்லாம் ரத்தமாவதைப் பார்த்திருக்கிறேன். கச்சேரிக்குக் கிளம்பும் முன் அத்தை சோப்பு நுரை போட்டு அவற்றைக் கழற்றியதையும் பார்த்திருந்தேன். கேட்டதற்கு, இறுக்குகிறது என்றாள்.

அம்மா வளையல்களைப் பார்த்தாள். அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்தாள். அத்தை தலையைத் தூக்கவில்லை.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "அம்மா, ஆத்தா எவ்ளோ நல்லவ பாரு. அத்த கை கிழியக் கூடாதுன்னு முன்னாடியே வளையலக் கழட்டச் சொல்லியிருக்கா. இத அப்பாகிட்ட சொல்லிட்டு வரேன்."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "நீ வாய மூடிக்கிட்டுக் களியத் தின்னு" என்றாள். முடிச்சைப் பழையபடி கட்டி மாவுக்குள்ளேயே புதைத்தாள். பிறகு அத்தைக்குப் பக்கத்தில் போய் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேர் முதுகும் குலுங்கியது. கல்யாணம் நின்றுபோனதற்கு அழுகிறார்கள் என்று நினைத்து, நானும் களியை வாயில் வைத்துக்கொண்டே அழுதேன்.