மே மாதத்தில் எங்கள் வீடு, ஜூலையில் எதிர்வீடு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சுவரை இடித்தோம்.

பழைய வீடு என்று நினைத்துவிடாதீர்கள். குடிவந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. விரிசல் இல்லை, ஓதம் இல்லை... நல்ல தடிமனான, ஆரோக்கியமான சுவர். இடிக்கச் சொன்னவள், அதைக் கட்டச் சொன்ன அதே ஆள் - என் மகள் உமா. இடிக்கக் கூடாது என்று குறுக்கே நின்றவன், கட்டும்போதும் கூடாது என்று குறுக்கே நின்ற அதே ஆள் - நான்!

குழப்பமாக இருக்கிறதா? எனக்கும்தான். முதலிலிருந்து சொல்கிறேன். சொல்லும்போதாவது எனக்கு விளங்குகிறதா பார்க்கலாம்.

டெல்லிக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு சர்க்கார் குவார்ட்டர்ஸ்தான். கடைசியாக இருந்தது கிட்வாய் நகரில், மேல் மாடி. மேல் மாடி என்றால் என்னவென்று மே மாதத்தில் அங்கே குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும். தலைக்கு மேலே கான்கிரீட் தளம் நாள் பூரா வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி பூரா அதை நம் மேல் கக்கும். ஃபேனைப் போட்டால் அந்தச் சூட்டை ஒழுங்காகப் பங்கிட்டுக் கொடுக்கும்.

என் மனைவி கோமதி திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி வந்த முதல் மே மாதம், புழுங்குகிறதே என்று மத்தியானம் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தாள். அடுத்த நிமிஷம் மேற்கேயிருந்து 'லூ' காற்று வீட்டுக்குள் நுழைந்து, கொடியில் கிடந்த ஈரத் துண்டை அப்பளம் மாதிரி ஆக்கிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "அர்ரே, பந்த் கரோ! பந்த் கரோ!"

நம் ஊரில் ஜன்னலைத் திறந்தால் காற்று. இங்கே ஜன்னலைத் திறந்தால் அடுப்பு. கோமதி அன்றைக்கு மூடினாள். ஆனால் மனசுக்குள் ஒப்புக்கொள்ளவே இல்லை.

பிறகு உமா பிறந்தாள், வளர்ந்தாள், ஆர்க்கிடெக்சர் படித்தாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இந்தப் பத்தியைக்கூட அவள் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். ஒரு கட்டட ஆபீஸில் அவளுக்கு வேலை கிடைத்த சமயத்தில், எங்கள் வீட்டு வசதி சொசைட்டியில் எனக்கு மனை ஒதுக்கினார்கள். யமுனைக்கு அந்தப் பக்கம். நிழல் என்று சொல்ல ஒரு மின்சாரக் கம்பம் மட்டுமே இருந்த இடம்.

"அப்பா, நான்தான் டிசைன் பண்ணுவேன்" என்றாள். அவளுடைய முதல் வீடு. எனக்கும் முதல் வீடு. வேறு யாரிடம் கொடுப்பேன்?

பிளானைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். பார்த்தேன்... வெளிச்சுவர்களில் ஜன்னலைக் காணோம்! வடக்கே தபால் பெட்டி அளவுக்குச் சில ஓட்டைகள். மேற்கே சுத்தமாக ஒன்றுமில்லை; மாடிப்படி, பாத்ரூம், ஸ்டோர் ரூம் எல்லாவற்றையும் அந்தப் பக்கம் தள்ளியிருந்தாள். சாயங்கால வெயிலை அவை வாங்கிக்கொள்ளுமாம். நடுவில் ஒரு முற்றம். வெளிச்சுவர் இரட்டைச் சுவர், நடுவே இடைவெளி. கூரைத் தளத்தின் மேல் மண்சட்டிகளை வரிசையாகக் கவிழ்த்து, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் தூளும் போட்டு, உடைந்த வெள்ளைப் பீங்கான் சில்லுகளைப் பதிக்க வேண்டுமாம்.

கோமதிக்கு முகம் வெளிறிவிட்டது.

"சட்டி பானையெல்லாம் தலைக்கு மேல கவுத்தி வச்சிட்டு எப்படிட்டி கீழ தூங்க?"

"அம்மா, சட்டிக்குள்ள காத்து அடைஞ்சு நிக்கும். அது சூட்டைக் கீழே விடாது. தெர்மாஸ் ஃபிளாஸ்க் மாதிரி."

"அப்ப நாங்க என்ன, காப்பியா?"

கான்ட்ராக்டர் குப்தா இன்னும் ஒரு படி மேலே போனார். பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மகளே, கோதுமை கோடவுனுக்கே நான் இதைவிடப் பெரிய ஜன்னல் வைப்பேனே" என்றார். எதிர் மனையில் சோப்ரா என்பவருக்கும் அவர்தான் கட்டிக் கொண்டிருந்தார். அங்கே சுவருக்குச் சுவர் கண்ணாடி. "அதைப் பாருங்க சாப், எவ்வளவு மாடர்ன்!"

நானும் கெஞ்சிப் பார்த்தேன். "ஹாலில் கிழக்கே ஒரு பெரிய ஜன்னலாவது வையேன் உமா."

"நோ. காலையிலேயே வெயில் உள்ளே வந்துடும். என்னை நம்புங்கப்பா."

நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, வாதாடத் தெரியாமல் விட்டுவிட்டேன் என்பதே சரி.

மார்ச் மாதம் பால் காய்ச்சிக் குடிபோனோம். வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி கேட்டார்கள் - "ஜன்னல் இன்னும் வைக்கலையா?"

மே மாதம் வந்தது.

வெளியே ரோட்டில் தார் உருகுகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி, காது வரைக்கும் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால்... கோயில் பிராகாரத்துக்குள் கால் வைத்த மாதிரி இருந்தது. தரை சில்லென்று இருக்கிறது. தண்ணீர்க் கூலர்கூட ஓடவில்லை. பகலெல்லாம் அடைத்து வைத்து, ராத்திரி முற்றத்துக் கதவுகளைத் திறந்து விடவேண்டும், அவ்வளவுதான் வேலை. கோமதி சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. எதிர்வீட்டு சோப்ராவின் மனைவி, நறுக்க வேண்டிய வெண்டைக்காயைத் தாம்பாளத்தோடு தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "பஹன்ஜி, எங்க வீட்ல கண்ணாடியைத் தொட முடியலை. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்" என்றாள். அதற்கப்புறம் தினமும் வந்தாள். சில நாள் அங்கேயே தூங்கிவிடுவாள்.

உமாவின் ஆபீஸிலிருந்து ஒரு கோஷ்டியே வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. குப்தா வந்து, சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். நான் ஆபீஸில் பார்க்கிறவர்களிடமெல்லாம் கவிழ்த்த சட்டியின் மகிமையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். லோதி ரோடு பஸ் ஸ்டாப்பில் என்னைக் கண்டு ஒதுங்கிப் போனவர்கள் உண்டு.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஜூலையில் மழை பிடித்தது. முதல் மழைக்கு எல்லாரும் சந்தோஷப்பட்டோம். இரண்டாவது வாரம் உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்தது. பீரோவில் வைத்த ஷூவில் பச்சையாகப் பூஞ்சை. துவைத்த வேட்டி காயவே இல்லை. சூட்டை உள்ளே விடாத சுவர், காற்றையும் உள்ளே விடவில்லை. உடம்பில் வேர்வை வழிகிறது, வழிந்துகொண்டே இருக்கிறது. சரி, கூலரைப் போடலாம் என்று போட்டால் அது இன்னும் ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது.

கோமதிக்குக் கொஞ்சம் இளைப்பு உண்டு. அது திரும்பி வந்தது. பகலில் மூச்சுக்குத் திணறினாள். டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, "காற்றோட்டமான இடத்தில் இருங்கள்" என்றார்.

காற்றோட்டமான இடம் எது? எதிர்வீடு!

சோப்ரா வீட்டில் எல்லா ஜன்னலும் திறந்திருக்க, கிழக்கேயிருந்து வரும் மழைக்காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. உமா ஆபீஸுக்குக் கிளம்பியதும் கோமதி வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கே போய்விடுவாள். மகள் திரும்புவதற்குள் வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி சமையல்கட்டில் நிற்பாள்.

"உமாகிட்ட மூச்சு விட்ராதீங்க" என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. "மொத மொதல்ல கட்டுன வீடு. புள்ள மனசு விட்ரும்."

மூச்சு விட முடியாதவள் என்னை மூச்சு விடாதே என்கிறாள். நான் என்ன செய்ய?

எங்கள் ஆபீஸில் ஒரு என்ஜினீயர் இருக்கிறார். அவரைப் பிடித்து, கெட்டிச் சுவர் சரியா, பெரிய ஜன்னல் சரியா என்று கேட்டேன். "இரண்டும் சரி" என்றார். "அப்படியானால் எது தப்பு?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "டெல்லி" என்றார்.

ஒருநாள் பலத்த மழை. உமாவின் ஆபீஸில் தண்ணீர் புகுந்து, மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வந்து பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது. அன்றைக்கு நான் லீவு, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிப்பொடி வாங்கிக்கொண்டு அப்போதுதான் தெரு முனைக்கு வந்தேன். எதிர்வீட்டு வராந்தாவில் கோமதி சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடக்கிறாள். சோப்ராவின் மனைவி முதுகைத் தடவி விடுகிறாள். உமா நடுத்தெருவில், குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் நனைந்துகொண்டு நிற்கிறாள்.

கோமதி கண்ணைத் திறந்தாள். "சும்மா பேசிக்கிட்டு இருந்தோம்ட்டி. நீ என்ன இவ்வளவு ஜல்தி வந்துட்ட?"

 உமா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அடுத்த சில நாட்கள் அவள் செய்த காரியம் எனக்குப் புரியவில்லை. ஊதுபத்தியை ஏற்றிக்கொண்டு அறை அறையாகப் போனாள். ஹாலில் நின்றாள், மூலையில் நின்றாள், மாடிப்படியில் ஏறி நின்றாள். பெண்ணுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அவள் சாமி படத்தைப் பார்க்கவில்லை, புகையைப் பார்த்துக் கொண்டிருந்தாள். புகை கொஞ்சமும் சாயாமல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஹால்ல கிழக்குச் சுவரை உடைச்சுப் பெரிய ஜன்னல் வைக்கணும். மாடிப்படிச் சுவர்ல உசரத்துல இன்னொண்ணு. ரெண்டுக்கும் கெட்டியா மரக் கதவு. மே மாசம் மூடிடலாம், மழைக்குத் திறந்துடலாம்."

நான் கேட்ட அதே ஜன்னல்! நியாயமாக நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். 

"வேண்டாம் உமா. உங்க ஆபீஸ்ல எல்லாரும் வந்து பார்த்துட்டுப் போனாங்களே. இப்ப உடைச்சா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும்."

"அந்த குப்தா சிரிப்பானே!"

"அவரைத்தான் நாளைக்கு உடைக்க வரச் சொல்லியிருக்கேன்."

"எங்கே போனாலும் இந்த வீட்டைப் பத்தித்தானே பேசறேன். நல்ல வீடும்மா..."

"மே மாசத்துக்கு நல்ல வீடுப்பா" என்றாள் உமா. "நான் வெயிலுக்கு எதிரா ஒரு வீடு கட்டினேன். அதுக்குள்ள அம்மா இருப்பாங்கன்னு யோசிக்கவே இல்லை."

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. கோமதி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் வெளியே வரவில்லை.

மறுநாள் காலையில் குப்தா வந்தார். சிரிக்கவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டார். "சாப், மே மாசத்துல உங்க வீட்டைக் காட்டித்தான் இன்னொரு பார்ட்டியை சம்மதிக்க வச்சேன். அங்கே ஜன்னலே இல்லாம கட்டிட்டிருக்கேன். இப்ப நீங்க இடிக்கறீங்க. நான் எதைத்தான் கட்டறது?"

"அங்கேயும் வச்சிடுங்க அங்கிள். கதவோட" என்றாள் உமா.

சுத்தியல் விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் என் நெஞ்சில் ஒரு அடி. கோமதி முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்க்காமல் மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானத்துக்குள் இரண்டு ஓட்டைகள். செங்கல் தூசி அடங்கியது. வெளியே மேகம். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை... பிறகு நாற்காலியில் கிடந்த பேப்பர் ஓரத்தில் சிலிர்த்தது. முதல் பக்கம் எழும்பி, பறந்து, முற்றத்தில் போய் விழுந்தது.

"பேப்பருக்கு மேல எதையாவது வைங்க" என்றாள் கோமதி. பிறகு தூசி படிந்த தரையிலேயே, அந்தக் காற்று வரும் வழியில், முந்தானையை விரித்துப் படுத்துவிட்டாள். உமா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது ஜன்னலுக்கு மரக் கதவு தயாராகிக்கொண்டிருக்கிறது. அதுவரை சாக்குப்படுதா. கோமதிக்கு இளைப்பு குறைந்திருக்கிறது. எதிர்வீட்டுக்குப் போவது மட்டும் குறையவில்லை, பழகிவிட்டது!

யோசித்துப் பார்க்கிறேன். மேயில் பாலைவனம், ஜூலையில் மலையாளக் கரை, ஜனவரியில் சிம்லா. மூன்று ஊரையும் ஒரே முகவரியில் வைத்துவிட்டு, இதற்கு ஒரே ஒரு வீடு கட்டு என்றால் யார்தான் கட்டுவது? ஒரு தடவை கட்டி முடித்துவிட்டோம் என்று கைகழுவுகிற சமாசாரம் இல்லை போலிருக்கிறது. கல்யாணம் மாதிரி... வருஷா வருஷம் கொஞ்சம் இடித்து, கொஞ்சம் பூசி. இப்படிச் சொன்னாலும் எனக்கு முழுசாக விளங்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

நேற்று ஆபீஸிலிருந்து வந்த உமா, கையில் பென்சிலோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, அடுத்தது குளிர்காலம். உங்களுக்கு எங்கே உட்காரப் பிடிக்கும்?"

 வேலைக்குச் சேர்ந்த நாளாக, ஒதுக்கின குவார்ட்டர்ஸில், கிடைத்த மூலையில் உட்கார்ந்தே பழக்கப்பட்டவன். பிடித்த இடம் எது என்று யாரும் என்னைக் கேட்டதே இல்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்!