சமையற்கட்டு ஜன்னலை உயர்த்திய வருஷம்

என் கணவர் மஞ்சள் காமாலையில் இறந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். குழந்தை இல்லை. அவர் வேலை பார்த்த அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியிலேயே எனக்கு ஸ்டோர்ஸில் ஒரு வேலை கொடுத்தார்கள். அம்மா வீட்டில் அண்ணன்களின் குடும்பங்களுக்கே இடம் பற்றவில்லை. அதனால் சேக்காட்டில், மாமனார் வீட்டிலேயே இருந்துவிட்டேன். மாமியார் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஆக மாமனாரும் நானும்தான்.

மாமனார் கெட்டவர் இல்லை. பேசமாட்டார், அவ்வளவுதான். "மழ வராப்புல கீது, துணிய எடு." "பால்காரன் வரல." நாளுக்கு நாலு வாக்கியம் தேறினால் அதிகம். காலையில் கூடத்தில் அவருக்குத் தட்டு வைத்துவிட்டு, நான் உள்ளே நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ரயிலுக்கு ஓடுவேன். ராத்திரியும் அதே போலத்தான். அவர் கூடத்தில், நான் சமையற்கட்டில். சாயங்காலம் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறும்போது கூட வேலை செய்யும் பெண்கள், வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்லிப் புலம்புவார்கள். எனக்குப் புலம்பக்கூட ஒன்றும் இருக்காது.

வீடு ஐம்பதுகளில் அவரே முன்னால் நின்று கட்டியது. சுண்ணாம்புச் சுவர், சிவப்பு சிமெண்டுத் தரை. உட்கார்ந்து சமைக்கிற மாதிரி தரையை ஒட்டி விறகடுப்பு. அதன் மேல் சுவரெல்லாம் கரி. காஸ் வந்த பிறகு ஒரு பழைய மர மேஜையைப் போட்டு அதன்மேல் அடுப்பை வைத்துக்கொண்டேன். ஜன்னல் என் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருந்தது. மேஜை அதையும் மறைத்தது. குளிக்கிற அறை கொல்லையில், தகரக் கதவோடு. அதையும் தாண்டி முருங்கை மரத்துக்குப் பின்னால் கக்கூஸ்.

ஒரு ஐப்பசி மாதம், வேலை முடிந்து வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் ஆளில்லை. கொல்லைக்குப் போய்ப் பார்த்தால் மாமனார் மதில் சுவரில் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்திருக்கிறார். கக்கூஸுக்குப் போகும்போது பாசியில் வழுக்கியிருக்கிறது. எழுந்திருக்க முடியவில்லை.

"எப்ப விழுந்தீங்க மாமா?"

"பதினோரு மணி இருக்கும்."

அப்போது மணி ஐந்து. நடுவில் இரண்டு முறை மழை பெய்திருந்தது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் இடையில் இடுப்பளவுச் சுவர்தான்.

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமே."

"இந்தக் கோலத்துலயா?" என்றார்.

எலும்பு முறியவில்லை. பத்து நாள் படுத்திருந்தார். அந்தப் பத்து நாளும் யோசித்துவிட்டு, சமையற்கட்டை ஒட்டி இருந்த நெல் அறையைக் குளியலறையும் கக்கூஸுமாக மாற்றப் போகிறேன் என்று சொன்னேன். கையோடு சமையற்கட்டையும் சரிசெய்துவிடலாம் என்றேன்.

"சோறாக்குற எடத்துக்குப் பக்கத்துலயா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க மறுபடி விழுந்தாலும் நான் அஞ்சு மணிக்குத்தான் மாமா வருவேன்."

அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். சம்மதம் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

பருத்திப்பட்டிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். அவர் மனைவிதான் சித்தாள். முதல் நாளே உளி சுவரில் பட்டுத் துள்ளியது. "யக்கா, இது சிமெண்டு இல்ல, சுண்ணாம்பு. லேசுல பேராது," என்றார் கொத்தனார். மாமனார் வாசலில் நாற்காலியைப் போட்டு, வேலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். தான் முன்னால் நின்று எழுப்பிய சுவரை வேறொருவர் இடிப்பதைப் பார்க்க மனமில்லை போலிருக்கிறது.

எனக்கோ அந்த ஒரு மாதம் பிடித்திருந்தது. வீடெல்லாம் புழுதி, தண்ணீர்க் குடத்தில்கூட மணல். ஆனாலும் சாயங்காலம் தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டிலிருந்து சத்தம் கேட்கும். கொத்தனாரும் மனைவியும் கிளம்புவதற்கு முன் டீ போட்டுக் கொடுப்பேன். ஒருநாள் அந்தப் பெண் டம்ளரைக் கழுவி வைத்தபடி கேட்டாள்: "நாங்க வந்து இத்தினி நாளு ஆவுது. ஒரு ஈ காக்கா வரல. உன்ன பாக்க யாரும் வரமாட்டாங்களா யக்கா?"

"எல்லாருக்கும் வேலை இருக்கும் இல்ல," என்றேன்.

நின்று சமைக்க மேடை கட்டும்போது பிரச்சினை வந்தது. கடப்பைக் கல்லை வைத்தால் ஜன்னலில் பாதி அதற்குக் கீழே போய்விடும். அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். ஜன்னலை அடைத்துவிட்டு மேலே காற்றுக்கு ஒரு ஓட்டை விட்டுவிடலாம் என்றார் கொத்தனார். நானும் சரி என்று தலையாட்டினேன். அப்போது மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். வேலை ஆரம்பித்த பிறகு அவர் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"அடைக்காத. தூக்கி வை."

"இன்னா நைனா, செவுத்த மேல வரிக்கும் இடிக்கணும். ரெண்டு நாளு கூட ஆவும்."

"ஆவட்டும்."

பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அவ உக்காந்து சமைப்பா. உக்காந்தா தெரு தெரியணும்னு கேட்டா. அதான் கீழ வெச்சேன்." மாமியாரைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அந்த ஜன்னலைக் கட்டினவர் கைத்தவறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"நீ அங்க நில்லும்மா," என்றார். அடுப்பு வரப்போகிற இடத்தில் நின்றேன். கொத்தனாரின் பென்சிலை வாங்கி, என் கண் உயரத்தைப் பார்த்துச் சுவரில் ஒரு கோடு போட்டார். கோடு கொஞ்சம் வளைந்துபோனது.

நான் கொல்லைக்குப் போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டேன். இனிமேல் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வோம் என்று அன்றைக்கு நிச்சயமாக நம்பினேன். ஜன்னல் பொருத்தியதும், "தெரு தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுது மாமா," என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். மறுநாளிலிருந்து பழையபடி பால்காரனும் மழையும்தான்.

புது அறையில் வெள்ளைப் பீங்கானில் உட்கார்கிற கோப்பையும், பிடித்து எழ ஒரு இரும்புக் கம்பியும் வைத்தோம். இரண்டு வாரம் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு கொல்லைக்கே போனார். பிறகு ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அந்தக் கம்பி துடைக்காமல் ஈரமாக இருந்தது.

கட்டட வேலை முடிந்ததும் பால் காய்ச்ச ஸ்டோர்ஸ் பெண்களைக் கூப்பிட்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்து எல்லோருக்கும் ஓவர்டைம். கேசரியை மறுநாள் டப்பாவில் எடுத்துப்போய்க் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் நாத்தனார் வேலூரிலிருந்து வந்து அப்பாவை அழைத்துப் போனாள். வயதான காலத்தில் மகளோடு இருப்பதுதான் முறை என்றாள். அவரும் மறுக்கவில்லை. ஆட்டோவில் ஏறும்போது, "கதவ நல்லா தாப்பா போட்டுக்கம்மா," என்றார். எட்டு மாதம் கழித்து, அங்கேயே போய்விட்டார். காரியத்துக்குப் போய்விட்டுத் திரும்பிய சாயங்காலம், பயணப் புழுதி போக வெந்நீர் வைத்துக் குளிக்கப் போனேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. இனி யாரும் வரப்போவதும் இல்லை. குளியலறைக் கதவைத் திறந்து போட்டாலும் கேட்பாரில்லை என்று தோன்றியது. வாளியில் வெந்நீரை ஊற்றி விளாவினேன். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளித்தேன்.