மகன் எனக்கு எழுதிய மூன்று கிலோமீட்டர்

எனக்கு வயது அறுபத்தாறு. பெற்றது மூன்று, இறந்துபோன தங்கையின் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்து பேரும் நன்றாக இருக்கிறார்கள். பெரியவன் போலீஸில் இருக்கிறான். அவன் மேல்தான் இந்தக் கோபம். மூன்று மாதமாகியும் ஆறவில்லை.

சர்க்கரை இருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னார். இலஞ்சியில் எங்கள் வீட்டிலிருந்து குற்றாலம் ரோட்டில் தென்னந்தோப்பு முடியும் வரை நடந்தேன். ஒருநாள் சாரல் வலுத்ததென்று ஓட ஆரம்பித்தவள், சாரல் விட்ட பிறகும் ஓடிக்கொண்டிருந்தேன். மூச்சு இரைத்தது. ஆனால் உடம்புக்குப் பிடித்திருந்தது. களத்தில் நெல் மூட்டை சுமந்த உடம்பு அது.

சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, பேத்தியின் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு, தினமும் விடியும் முன்னால் கிளம்புவேன். ஆளாளுக்கு வாய். எதிர்வீட்டுக்காரி பால் வாங்க நிற்கும்போது, "ஏட்டி, ஒன்னய யாரு தொரத்துதா?" என்றாள். "ஒன் நாக்குதான்" என்றேன். அதைவிட எரிச்சல், பைக்கை நிறுத்துகிறவர்கள். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேனாம், ஏறிக்கொள்ளச் சொல்வார்கள். வேண்டாம் என்றாலும் கூடவே உருட்டிக்கொண்டு வருவார்கள். கிழவி ஓடினால் ஆபத்தில்தான் ஓடுவாள் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

முதல் மாதம் மூன்று கிலோமீட்டர். பிறகு குற்றாலம் வரை போய்த் திரும்பினேன். ஆறாம் மாதம் தென்காசி போய், அங்கிருந்து குற்றாலம், பிறகு வீடு என்று ஒரு சுற்று. பத்தரை கிலோமீட்டர் என்று பேத்தியின் செல்போன் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுற்றை முடித்ததும் பேத்தியோடு அருவிக்குப் போய், பெண்கள் பக்கத்தில் கெண்டைக்காலைத் தண்ணீருக்குக் கொடுத்து நிற்பேன். அந்த அடிக்கு எந்தத் தைலமும் ஈடாகாது.

தை மாதம் தென்காசியில் ஓட்டப்போட்டி என்றார்கள். இருபத்தொரு கிலோமீட்டர், பத்து, மூன்று என்று மூன்று வகை. பாதையும் என் சுற்றுதான், அதை இரண்டு முறை ஓடினால் இருபத்தொன்று. அது என்னால் முடியுமா என்று நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இருபத்தொன்று ஓடப்போகிறேன் என்று பெரியவனிடம் சொன்னேன். அவன் தலையாட்டினான், விண்ணப்பம் வாங்கி வந்தான்.

என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பத்திரமோ பேங்க் காகிதமோ, பெரியவன் விரல் வைக்கிற இடத்தில் நான் என் பெயரை எழுதுவேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். நான் வாசித்து முடிக்கும் வரை காத்திருக்க அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. அன்றும் விரல் வைத்தான். எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலு மாதம், மழையிலும் விடாமல் பழகினேன். போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் இரண்டு சுற்றில் பதினெட்டு வரை வந்துவிட்டேன். அவன் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

போட்டியன்று காலை இருபத்தொன்றுக்கான வரிசையில் போய் நின்றேன். விசில் வைத்திருந்த பையன் பெரியவன் வாங்கி வந்து என் நெஞ்சில் குத்தியிருந்த மஞ்சள் நம்பர் அட்டையைப் பார்த்தான். "ஆச்சி, இது பெரியவங்க நடக்கதுக்கு. மூணு கிலோமீட்டர். அங்கன போயி உக்காருங்க, ஏழு மணிக்குக் கூப்பிடுவாங்க." பக்கத்திலிருந்த பேத்தி அட்டையைப் படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரியவன் யூனிஃபார்மில் ரோட்டு ஓரம் வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தான். நேரே போனேன்.

"ஏலே, நான் எத்தன சொன்னேன், நீ எத்தன எழுதுன?"

"யம்மா, சத்தம் போடாத. நீ பாதில விழுந்தேன்னு வையி, ஊரு என்னயத்தான் கேக்கும். பெத்தவள ஓடவிட்டுட்டு இவன் விசிலடிச்சிட்டு நிக்கான்னு சொல்லுவாங்க."

"விழுந்தா நான்லா விழுதேன். ஒனக்கு எங்கலே வலிக்கி?"

அட்டையைக் கழற்றி அவன் கையில் திணித்தேன். அவன் வாயைத் திறக்கும் முன்னால், அதற்குள் கிளம்பிவிட்ட இருபத்தொன்றுக் கூட்டத்தின் கடைசி ஆளுக்குப் பின்னால் ஓட ஆரம்பித்தேன்.

நம்பர் இல்லாதவளுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்று இலஞ்சி விலக்கில் இரண்டு பிள்ளைகள் யோசித்தார்கள். நானே எடுத்துக் குடித்தேன். இரண்டாம் சுற்றில் போட்டிக்காரர்களின் ஜீப் ஒன்று ஒட்டியே வந்தது, ஏறுங்கள் ஏறுங்கள் என்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி மூன்று கிலோமீட்டரில் பாதியை நடந்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் இருபத்தொன்றையும் என் காலால்தான் கடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே ஒட்டியிருந்த இருபத்தொன்றின் பட்டியலில் என் பெயர் இல்லை. எப்படி இருக்கும்? மூன்று கிலோமீட்டர் பட்டியலில், என் பெயருக்கு நேரே வரவில்லை என்று போட்டிருந்ததாம், பேத்தி வாசித்துச் சொன்னாள். இருபத்தொரு கிலோமீட்டர் ஓடி வந்து நின்றவளை வரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் பெரியவன் வந்தான். தெரிந்தவர்களிடம் சொல்லி மெடல் வாங்கித் தருகிறானாம். அவன் வாங்கித் தருகிற மெடலை நான் என்ன செய்வேன்? மன்னிப்புக் கேட்க அவனுக்கு வரவில்லை. நானும் சோறு மட்டும் போட்டேன்.

ஆவணி மாதம் செங்கோட்டையில் இன்னொரு இருபத்தொன்று இருக்கிறது. அந்த விண்ணப்பத்தை ஒரு முழுக் காலைநேரம் உட்கார்ந்து நானே எழுத்துக் கூட்டினேன். கடைசி வரி வரைக்கும் வாசித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் பெரியவனின் மகள், அதே பேத்திதான். அப்பாவைப் பற்றிய இடம் வந்தபோதெல்லாம் அவள் பேனா தயங்கியதைப் பார்த்தேன். ஏட்டி, மொதல்ல இருந்து வாசி. ஒங்கப்பனுக்காக எதையாவது கொறச்சிருந்தா இப்பவே சொல்லிரு. முழுசும் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.