லோகேஸ்வரியும் கொலாஜன் பவுடரும்

புக்கிட் பெலண்டோக்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் வீட்டு வரிசையில் குடியிருந்து பள்ளி வேன் ஓட்டும் லோகேஸ்வரிக்கு, உலகத்தில் பாதிப் பேரைக் கண்டால் இளக்காரம். மீதிப் பேரை அவள் இன்னும் சந்திக்கவில்லை. பிள்ளையைத் தாமதமாக அனுப்பும் தாய்மார்கள், சிக்னல் போடாமல் திரும்பும் லோரிக்காரர்கள், மைக்கை விடாத கோயில் தலைவர் என்று யாரும் அவள் வாய்க்குத் தப்பியதில்லை. புருஷன் இறந்த பிறகு, அந்த வேனை ஓட்டியே இரண்டு மகள்களைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தவள். யார் தயவிலும் நிற்காதவளுக்கு யாரையும் மதிக்கத் தோன்றவில்லை. பல வருடம் கிளட்ச் மிதித்த இடது முழங்கால் மட்டும் இப்போது அவளை மதிக்க மறுத்தது.

அந்த நேரத்தில்தான் உமா வந்தாள்.

உமா சிரம்பானில் வட்டித்தொழில் செய்த குடும்பத்துப் பெண். அங்கேயே ரஹாங் பக்கம் பெரிய வீடு. தோட்டத்துச் சனங்களின் நல்லது கெட்டது எதற்கும் எட்டிப் பார்க்காதவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் வந்து இறங்கி எல்லாரையும் "சிஸ்டர்" என்றாள். அவளை அழைத்து வந்தது லோகேஸ்வரியின் சொந்தத் தங்கை செல்லம்.

மேசைமேல் இளஞ்சிவப்புப் பெட்டிகளை அடுக்கிவிட்டு உமா ஆரம்பித்தாள். "ஒரு பேக்கெட்ல ரெண்டாயிரத்து ஐந்நூறு கொலாஜன் இருக்கு சிஸ்டர். தோலு மினுங்கும், மூட்டு வலி போயிடும். பதினஞ்சு பேக்கெட் பெட்டி நூத்தம்பது ரிங்கிட். ஒரு நாளைக்குப் பத்து வெள்ளிதான். மூட்டு வலி ரொம்பன்னா பத்து கிராம் வரைக்கும் எடுக்கலாம்."

ரெண்டாயிரத்து ஐந்நூறு என்றதும் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். லோகேஸ்வரி ஒரு பெட்டியை எடுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள்.

"ரெண்டாயிரத்து ஐந்நூறு என்னாது, உமா? யானையா, குதிரையா?"

"மில்லிகிராம்க்கா."

"ரெண்டரை கிராம்னு சொன்னா வாய் வலிக்குமா? பேக்கெட்டு பதினஞ்சு கிராம்னு போட்டிருக்கு. மிச்சமெல்லாம் என்னாது, சீனியா?"

"சீனி கொஞ்சம், பழ டேஸ்ட்டு கொஞ்சம்க்கா."

"பத்து கிராம் வேணும்னா நாலு பேக்கெட் கரைக்கணும். நாப்பது வெள்ளி! பெட்டி நாலு நாளுகூட வராது லா."

உமாவின் முகம் கறுத்தது. "இது பிரீமியம்க்கா. வெலைய மட்டும் பாக்குறவங்களுக்குப் புரியாது."

"வெலையப் பாக்காம உங்க குடும்பம் எப்பலேருந்து யாவாரம் பண்ணுது?"

மண்டபமே சிரித்தது. சிரித்து முடித்த கையோடு பாதிப் பேர் பெட்டி வாங்கினார்கள். செல்லம் இரண்டு வாங்கினாள்.

வேனில் திரும்பும்போது லோகேஸ்வரி பொரிந்து தள்ளினாள். "ஒனக்குக் காது செவிடாடி?"

"நீ சொன்னது சரிதான்க்கா," என்றாள் செல்லம், சன்னலைப் பார்த்தபடி. "ஆனா அவ பக்கத்துல ஒக்காந்து, எங்க வலிக்குதுன்னு கேட்டா. நீ ஒரு நாளாச்சும் கேட்டிருக்கியா?"

"கேட்டதுக்கு முந்நூறு வெள்ளியா? பைத்தியக்காரி!" என்றாள் லோகேஸ்வரி. அடுத்த முனையில் சிக்னல் போடாமலே வேனைத் திருப்பினாள்.

மறுநாளே பக்கத்து ஊரான லுக்குட்டில் ஒரு மருந்துக்கடைக்குப் போய், ஒவ்வொரு டின்னாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரு டின்னில் 'அறுபது கரண்டி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே, ஒரு வேளைக்கு இரண்டு கரண்டி என்று எறும்பளவு எழுத்து. "இவனுங்களும் அவ சாதிதான்," என்று முணுமுணுத்தாள். ஆனாலும் அதில் சீனி இல்லை, வாசனை இல்லை. முந்நூறு கிராமும் கொலாஜன்தான், விலை தொண்ணூறு வெள்ளி. பத்து கிராம் மூன்று வெள்ளிக்கு வந்தது. உமாவின் மூஞ்சியில் வீசியடிப்பதைப்போல் பணத்தைக் கவுண்டரில் வைத்தாள்.

கரைத்தால் மீன் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். ஒரு டின் முடிந்தது, இன்னொன்றும் முடிந்தது. முழங்கால் அப்படியேதான் இருந்தது. கிராமுக்கு முப்பது காசு என்று சரியாகத்தான் வாங்கியிருந்தாள். முழங்காலுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. மூன்றாவது டின் வாங்கியபோது தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அதுவரை யாரைத் திட்டியும் அவளுக்கு நாக்கு இத்தனை கசந்ததில்லை.

கடைசியில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனாள். இளம் டாக்டர் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "தேய்மானம் ஆன்ட்டி. எக்சசைஸ் சொல்லித் தரேன், தெனமும் செய்யுங்க. பவுடர் கிவுடர் ஏதாச்சும் குடிக்கிறீங்களா?" என்றாள்.

"சீ! அந்தக் குப்பையெல்லாம் முட்டாளுங்க குடிக்கிறது டாக்டர்," என்றாள் லோகேஸ்வரி, கண்ணைச் சிமிட்டாமல்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டரையும் வைதுகொண்டே காலை நீட்டி மடக்கினாள். அலமாரியில் பாதி டின் மீதி இருந்தது. காசு கொடுத்ததை வீசியெறிய அவள் என்ன பணக்காரியா? இரண்டு கரண்டி அளந்து போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.