மூன்று கட்டு பசிலிக்

எங்கள் வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துத் தமிழில் சொல்லும் பொறுப்பு ஒன்பது வயதிலேயே எனக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூட அறிவித்தல், வைத்தியரின் சீட்டு, வக்கீலின் கடிதம் எல்லாம் முதலில் என் கைக்குத்தான் வரும். அம்மாவும் அப்பாவும் எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று சொல்லும் வழக்கம் என்னிடம் இருக்கவில்லை. அந்த இடத்துக்குப் பொருத்தமாக ஏதாவது ஒன்றை வைத்து நிரப்பிவிடுவேன். அதனால் பெரிய கெடுதல் எதுவும் நடந்ததாக, பதினொரு வயது வரைக்கும், எனக்குத் தெரியாது.

அந்த வருடம் நான் சிசியேம் என்கிற ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தேன். அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். போர் முடிந்து சில மாதங்களில் ஊரைவிட்டுக் கிளம்பி, பாங்கொக்கில் ஏழு மாதம் கிடந்து, பாரிசுக்கு வந்து சேர்ந்தவர். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நாலாம் மாடியில் எங்கள் வீடு. அதன் சலோன் என்கிற கூடத்தில் விரித்துப்போடும் சோபாதான் அவருடைய அறை. அவருடைய அகதி வழக்கை ஒருமுறை நிராகரித்திருந்தார்கள். மேல்முறையீடு போட்டிருந்தது. வேலை தருவதாக ஒருவர் எழுதித்தரும் கடிதம் இருந்தால் கோப்புக்கு நல்லது என்று வக்கீல் சொன்னதிலிருந்து வீட்டில் "கடிதம்" என்ற சொல் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்கும்.

அப்போதுதான் பத்து நிமிட நடையில் இருந்த ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையில் ஆள் தேவை என்று மாமாவுக்குத் தெரியவந்தது. அதை நடத்தியவர் ஒரு தாய்லாந்துப் பெண். எல்லோருக்கும் அவர் மதாம். மூன்று நாள் வேலை செய்துபார், கை சரியென்றால் கடிதம் தருகிறேன் என்று மதாம் சொல்லியிருந்தார். மாமாவும் சும்மா இருக்காமல், பாங்கொக்கில் சமையல் வேலை செய்தவன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்துவிட்டார். பாங்கொக்கில் இருந்தது உண்மை. ஒரு அறைக்குள் பதினொரு பேரோடு, பொலிசுக்குப் பயந்து, யன்னல் திறக்காமல் இருந்தார். அங்கே அவர் சமைத்ததெல்லாம் பாணும் வெந்நீரில் ஊறும் நூடில்சும்.

இரண்டாம் நாள் புதன்கிழமை. எனக்கு அரைநாள் பள்ளி. பள்ளி வாசலில் மாமா நின்றார். காலையிலிருந்து ஓடியவர்போல முகம் வியர்த்திருந்தது. கையில் ஒரு துண்டுக் காகிதம்.

"பிள்ளை, இதை ஒருக்கா வாசி. அந்த மனிசி வாங்கிக்கொண்டு வரட்டாம்."

காகிதத்தில் மூன்று பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஹோரபா, கப்ராவ், மெங்லக். தாய்லாந்துப் பெயர்களை மதாம் பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருந்தார். மூன்றுக்கும் பக்கத்தில் ஒரே சொல்: பசிலிக்.

நான் புத்தகப்பையிலிருந்து அகராதியை எடுத்தேன். பசிலிக் என்றால் ஆங்கிலத்தில் பேசில். மாமா யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவர். "பேசில் எண்டால் துளசிதானே, எங்கட சின்ன டிக்சனரியிலை அப்பிடித்தான் கிடந்தது," என்றார். ஆக, பிரெஞ்சிலும் ஒரு சொல், ஆங்கிலத்திலும் ஒரு சொல், தமிழிலும் ஒரு சொல். மூன்று மொழி ஒருபக்கம் நிற்க, மதாமின் மொழி மட்டும் எதற்காக மூன்று பெயர் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்? எனக்கு விடை உடனே கிடைத்துவிட்டது. ஒன்றையேதான் மூன்று விதமாக எழுதியிருக்கிறார். அதாவது மூன்று கட்டு வேண்டும்.

மாமா என்னைப் பெருமையோடு பார்த்தார். இருவரும் ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் எங்களுக்குத் தெரிந்த மரக்கறிக் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணை லண்டனிலிருந்து வந்த பெட்டியைத் திறந்து, ஊதாத் தண்டும் கூர் இலையுமாக இருந்த கட்டுகளைக் காட்டினார். பொதியில் ஆங்கிலத்தில் 'தாய் பேசில்' என்று எழுதியிருந்தது. அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? மூன்று கட்டு வாங்கினோம்.

மதாம் குள்ளமான மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மூன்று கட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாக முகர்ந்தார். பிறகு மாமாவைப் பார்த்து மெதுவான பிரெஞ்சில் கேட்டார், அதை நான் மாமாவுக்குச் சொன்னேன்.

"பாங்கொக்கிலை எந்தக் கடையிலை சமைச்சனீங்கள் எண்டு கேக்கிறா."

மாமா நிலத்தைப் பார்த்தார். "சொல்லிப்போடு பிள்ளை," என்றார். "நான் அங்கை ஒரு இடத்திலையும் சமைக்கேல்லை. அறைக்குள்ளைதான் இருந்தனான். வேலை வேணும் எண்டு பொய் சொன்னனான் எண்டு சொல்லு."

நான் நினைத்திருந்தால் அதை மாற்றியிருக்கலாம். சின்னக் கடை, மூடிவிட்டார்கள், பெயர் மறந்துவிட்டது என்று மூன்று விதமான பதில்கள் என் நாக்கின் நுனியில் நின்றன. மாமாவின் காது மடல் சிவந்திருந்ததைப் பார்த்தேன். முதல்முறையாக ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

மதாம் திட்டவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து ஒரு சின்னக் கொத்தை எடுத்து என் மூக்கின்கீழ் பிடித்தார். தேசிக்காய் மணம். அது மெங்லக். அதன் விதை என்று ஒரு போத்தலைக் காட்டினார். தண்ணீரில் கறுப்புக் கண்ணோடு ஊதி மிதந்தன. "இது எங்கட சர்பத்திலை போடுற கசகசாவெல்லோ!" என்று மாமா தன்னை மறந்து சத்தம்போட்டார். அன்று அவர் முகம் தெளிந்தது அந்த ஒரு நிமிடம்தான். நாங்கள் வாங்கி வந்தது ஹோரபா. அதைக் கசக்கினால் பெருஞ்சீரகம்போல மணந்தது. கடைசியாக ஒரு கண்ணாடிக் குடுவையிலிருந்து நாலைந்து காய்ந்த இலைகளை உள்ளங்கையில் கொட்டினார். கராம்பும் மிளகும் கலந்த மணம். எனக்கு அந்த மணத்தைத் தெரியும். எங்கள் வீட்டு யன்னலின் மணம் அது.

இதுதான் கப்ராவ் என்றார் மதாம். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் எல்லாவற்றையும் பசிலிக், பேசில் என்றுவிட்டு, முன்னாலோ பின்னாலோ தாய், எலுமிச்சை, புனிதம் என்று ஒன்றை ஒட்டிவிடுவார்கள், அவர்களுக்கு அது போதும் என்றார். இது புனிதமா என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். அவருடைய ஊரில் அது சாமிக்கு இல்லையாம். என்ன சாப்பிடுவது என்று யோசிக்கப் பஞ்சியாக இருக்கிறவன் கடையில் போய்ச் சொல்லும் சாப்பாட்டில் போடுகிற இலையாம்.

பிரச்சினை அதுவல்ல. ஊரிலிருந்து வரவேண்டிய பொதி விமானநிலையத்தில் நின்றுவிட்டது. மறுநாள் மத்தியானம் லியோனிலிருந்து மதாமின் அக்காவும் குடும்பத்துப் பெரியவர்கள் பத்துப் பேரும் சாப்பிட வருகிறார்கள். பிரெஞ்சு வாடிக்கையாளர் என்றால் ஹோரபாவைப் போட்டுச் சமாளிக்கலாம். அக்காவின் வாயை ஏமாற்ற முடியாது.

நான் தமிழில் மாமாவிடம் சொன்னேன்: "மாமா, இது எங்கட துளசி."

"வாயை மூடு பிள்ளை. அது உன்ரை அம்மா கும்பிடுறது."

அவர் என்ன சொல்கிறார் என்று மதாம் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மாமாவைப் பாத்திரம் கழுவ விட்டுவிட்டு மதாம் தொலைபேசியை எடுத்தார். அவர் நாளைக்கு வேறு ஆளைத்தான் தேடுகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

நான் திரும்பி வந்தபோது வீட்டில் யாருமில்லை. அம்மா அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலைக்கு நாலு மணிக்கே போய்விடுவார். அப்பா வேலையால் வர இன்னும் பிந்தும். யன்னல் கம்பிக்குள் வரிசையாக நாலு பிளாஸ்டிக் வாளிகள். நாலிலும் துளசி. குளிர்காலம் முழுக்க வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு இலை மஞ்சளித்தாலும் கவலைப்பட்டு, அம்மா காப்பாற்றி எடுத்த செடிகள். யூன் மாத வெயிலில் புதராக நின்றன. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றும்போது அம்மா வாய்க்குள் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். தம்பிக்குக் கடிதம் கிடைக்க வேண்டும். அதைத்தான்.

பொழுதுபட்டால் துளசி பறிக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். நேரம் மாலை ஆறரை. ஆனால் யூன் மாதத்தில் பாரிசுக்குப் பத்து மணிக்குத்தான் பொழுதுபடும். சாத்திரம் எனக்கு மூன்றரை மணித்தியாலம் மிச்சம் வைத்திருந்தது. கண்ணை மூடி, மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டு, வகுப்புக் கத்தரிக்கோலால் நாலு வாளிகளையும் வெட்டினேன். பாதியில் நிறுத்தலாம் என்று பார்த்தேன். பத்துப் பேருக்குப் போதாமல் போனால் வெட்டியதும் வீண் என்று முழுவதையும் வெட்டினேன்.

மதாமின் சமையலறையில் பையைத் திறந்தபோது மாமாவின் கையில் இருந்த சட்டி தொட்டிக்குள் விழுந்தது. "என்னடி செய்துபோட்டாய்!" என்றார். மதாம் ஒரு இலையைக் கிள்ளி மென்றார். இன்னொன்றை மென்றார். கொஞ்சம் கோயில் வாசனை கூடுதலாக இருக்கிறது, ஆனாலும் இது அதுதான் என்றார். உடனே அடுப்பை மூட்டினார். உள்ளி, பச்சைமிளகாய், அதன்மேல் கொத்திய பன்றி இறைச்சி. எங்கள் வீட்டில் ஆடும் கோழியும் உண்டு, பன்றி ஏறாது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அம்மாவின் துளசி ஒரு கைப்பிடி அந்தச் சட்டிக்குள் விழுந்து, சடசடவென்று சத்தமிட்டுச் சுருண்டது.

ஒரு கரண்டி என்னிடம் நீட்டினார். மறுக்கத்தான் நினைத்தேன். மறுத்தால் மாமாவின் கடிதம் போய்விடுமோ என்று பயந்து வாயில் வைத்தேன். பயத்தில் சாப்பிட்டது முதல் கரண்டி. இரண்டாவதுக்கு அந்தச் சாட்டு இல்லை. அவ்வளவு ருசியாக இருந்தது.

எட்டு மணிக்கு அம்மா வந்தார். சப்பாத்தைக் கழற்றும்போதே யன்னலைப் பார்த்துவிட்டார். வெயில் நேராக உள்ளே விழுந்தது. நாலு வாளியிலும் குச்சிகள் மட்டும்.

"ஆர் வெட்டினது?"

"நான்."

"ஏன்?"

"மாமான்ரை வேலைக்கு. மதாமுக்கு அந்த இலை வேணுமாம். நாளைக்குச் சமைக்க."

அம்மா கிட்ட வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "என்ன கறிக்கு?"

"மரக்கறிக்கு," என்றேன். "சோயாக் கட்டியும் கத்தரிக்காயும்."

அம்மா நிமிர்ந்தார். அடி விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். அவர் யன்னலடிக்குப் போய் ஒவ்வொரு குச்சியாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு செம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றினார்.

"கணு விட்டுத்தான் வெட்டியிருக்கிறாய். தழைக்கும்," என்றார்.

அழுகை வந்தது, அதை விக்கல் மாதிரி மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது மாமா எனக்கு முன்னரே வீட்டில் இருந்தார். வேலை போய்விட்டது என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் ஒரு கடித உறையை நீட்டினார். லியோன் அக்கா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். இலை எங்கே கிடைத்தது என்று விசாரித்தாராம். மதாம் மத்தியானமே கடிதத்தை எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டார். நான் அதை உரக்க வாசித்தேன். தெரியாத சொல் ஒன்று இருந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டு அகராதியைப் பார்த்தேன். அம்மா கடிதத்தை வாங்கி சாமிப் படத்தடியில் வைத்தார். அப்பா வரும்வரை நாங்கள் மூன்று பேரும் எதற்கென்றில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். அடுத்த வருடம் மாமாவுக்கு வதிவிட விசா கிடைத்தது. துளசி மூன்று கிழமையிலேயே தழைத்துவிட்டது.

பன்றியை மரக்கறியாக்கி அம்மாவின் மனதைக் காப்பாற்றினேன் என்ற எண்ணம் எனக்குள் வெகுகாலம் இருந்தது. ஒரு நல்ல பொய் சொன்ன பெருமை. சென்ற வருடம் அம்மாவும் நானும் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, இனிச் சொன்னால் என்ன என்று அதைச் சொன்னேன். அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை.

"நீ வாயைத் திறக்கேக்கையே உள்ளியும் பன்றிக் கொழுப்பும் மணத்தது. நான் அப்ப ஒரு சீன ரெஸ்டோரன்டும் துடைச்சனான். எனக்குத் தெரியாத மணமே அது?"

"பிறகு ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"அவன்ரை கடிதம் வாற நேரம். நீ பாவம் செய்து வந்த கடிதம் எண்டு உனக்கு ஏன் இருக்கவேணும்?"

அந்தப் புதன்கிழமை மாலை அவர் என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போய், பல்லை இரண்டு தரம் தீட்டவைத்து, சட்டையைக் கழற்றி வாங்கி, அப்பா வருமுன் தன் கையாலேயே தோய்த்துப் போட்டது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. துளசி வெட்டினதுக்குத் தண்டனை இவ்வளவுதானா என்று அன்றைக்கு நான் நிம்மதியாக மூச்சு விட்டிருந்தேன்.