வாழைக்குலையால் கவிழ்ந்த ஆட்சி

1. தனி உறுப்பினர்

மெஸ் கமிட்டித் தேர்தலில் எனக்கு வாக்களித்தவர்கள் எல்லாரும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். அது என் அறை.

ஷார்ஜா தொழிற்பேட்டையில் எங்கள் கட்டுமானக் கம்பெனியின் கேம்ப். நான் அங்கே நிர்வாக அலுவலர், அரசறிவியலில் முதுகலை. சமையல், விழா, அறைப் புகார் ஆகியவற்றைத் தொழிலாளர்களே பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டி வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது, விதிமுறைகளை எழுதியவன் நான்தான். கூட்டம் செல்ல எத்தனை பேர் வேண்டும் என்ற கோரம், தீர்மானம், நம்பிக்கையில்லா வாக்கெடுப்பு, எதையும் விடவில்லை. தலைவர் நாற்காலி எனக்குத்தான் என்ற எண்ணத்தில் அத்தனை கவனமாக எழுதினேன்.

கட்சி என்ற சொல் அந்த நாட்டில் ஆகாது, அணி என்றோம். தாயக அணிக்கு அரியலூர் கதிரேசன், சாரம் கட்டும் ஸ்கஃபோல்டிங் ஃபோர்மேன். நோட்டீஸ் போர்டு தமிழில் வேண்டும், பண்டிகை நம் முறைப்படி வேண்டும் என்பார். பசுமை அணிக்குக் கீழக்கரை யூசுப், ஸ்டோர் கீப்பர். பிளாஸ்டிக் தட்டு கூடாது, ஏசியில் சொட்டும் தண்ணீர் செடிக்குப் போக வேண்டும் என்பார். ஒன்பது இடங்களில் ஆளுக்கு நான்கு. எனக்கு ஒன்று.

அவர்கள் கூட்டணி அமைக்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதுமானதாக இருந்தது.

"காக்கா, போர்டு தமிழ்ல. தண்ணி உங்க செடிக்கு. சரிதானே?"

"கலாஸ் மாப்ள, முடிஞ்சுது. தலைவரா நீங்களே இருங்க."

ஒப்பந்தத்தை முறைப்படி எழுதித் தருகிறேன் என்றேன். "உங்களுக்கு எதுக்கு சார் செரமம்" என்றார் கதிரேசன். கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அவர்களுக்குள் காக்கா, மாப்ள. நான் மட்டும் சார்.

2. கடைசி ஒருமித்த முடிவு

ஆட்சி நன்றாக நடந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோரம் என்றால் ஏதோ கறிக் குழம்பு என்று நினைத்தவர்கள், மெஸ்ஸுக்குப் பின்னால் யூசுப் ஏசித் தண்ணீர் விட்டு வளர்த்த வாழைகளின் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டம் போட்டார்கள். சிரிப்புச் சத்தம் என் அறைவரை வரும். சாப்பாடும் முன்னைவிட நன்றாக இருந்தது. மேனேஜர் கதிரேசனின் தோளில் கை போட்டுப் பேசுவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். என் தோளுக்கு அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை.

பொங்கல் வந்தது. பக்கத்து கேம்ப்களிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், மெஸ் வாசலில் குலை வாழை கட்ட வேண்டும் என்றது தாயக அணி. அதற்குள் இரண்டு வாழைகள் குலை தள்ளியிருந்தன.

"ராஸ் அல் கைமாவுலேந்து கன்னு கொண்டாந்து புள்ள மாதிரி வளத்துருக்கேன். ஒரு நாள் அழகுக்கு வெட்டுவியளோ?" என்றார் யூசுப்.

"வாசல்ல வாழ இல்லாம என்ன காக்கா பொங்கல்? வெட்டுனா பக்கக்கன்னு வருமே."

"காய் முத்தட்டும். அப்புறம் வெட்டுங்க."

"அதுவரைக்கும் தை மாசம் நிக்குமா?"

துபாய் கராமா கடைகளில் பிளாஸ்டிக் வாழை கிடைக்கும் என்று நான் யோசனை சொன்னேன். ஒரு தரப்புக்குப் பிளாஸ்டிக் ஆகாது, மறு தரப்புக்குப் போலி ஆகாது. ஒருமனதாக நிராகரித்தார்கள். அந்தக் கூட்டணியின் கடைசி ஒருமித்த முடிவு அதுவே.

3. நாற்காலி

கதிரேசன் மீது யூசுப் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேற ஐந்து வாக்கு வேண்டும், அவரிடம் நான்கு. அன்று மாலை முதன்முறையாக என் அறைக்கு டீ வந்தது. கொண்டுவந்தவர் யூசுப். அவர் போனதும் கதிரேசன் வந்தார், அவர் கையிலும் டீ. இரண்டையும் குடித்தேன்.

மறுநாள் கதிரேசனுக்கு எதிராகக் கை தூக்கினேன். விதிப்படி எல்லாம் சரியாக நடந்தது.

புதிய தலைவர் தேர்தலில் யூசுப்பும் கதிரேசனும் நின்றார்கள். நான் நடுநிலை வகித்தேன். நான்குக்கு நான்கு, மறுபடியும் அதே. மூன்றாவது சுற்றில், அவர் வரக்கூடாது என்று இவர்களும், இவர் வரக்கூடாது என்று அவர்களும் என் பெயரைச் சொன்னார்கள். ஒன்பது வாக்குகளும் எனக்கு.

தலைவராக என் முதல் வேலை வாழை விவகாரத்தை உபகுழுவுக்கு அனுப்பியது. உபகுழு கூடுவதற்குள் பொங்கல் முடிந்துவிட்டது. வாசலில் கரும்பு மட்டும் நின்றது. யாரும் குறை சொல்லவில்லை. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து, தலைவர் அறையில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் பழைய சிரிப்பு கேட்டது. எட்டிப் பார்த்தேன். கனம் தாங்காமல் சாய்ந்த வாழைக்குக் கதிரேசன் ஸ்கஃபோல்டிங் பைப்பால் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். யூசுப் மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மெல்ல மாப்ள, மரம் நோவும்."

"உங்க மரத்த வெட்டத்தான வந்தேன், இப்ப பாருங்க காக்கா என் பொழப்ப."

கமிட்டியில் சேரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். கூட்டணியைக் கலைக்க எல்லா விதியும் எனக்குத் தெரியும், அவை வேலையும் செய்யும். அந்த இருவரையும் பிரிக்க ஒரு விதி இருந்திருந்தால் அதையும் எழுதியிருப்பேன்.

குலை பழுத்ததும் எல்லா அறைக்கும் பங்கு போனது. என் பங்கை யூசுப்பே கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"தலைவர் சாருக்கு" என்றார்.

உட்காருங்கள் என்றேன்.

"இல்ல சார், மாப்ள டீயோட உக்காந்துருக்கான்."

பழம் நல்ல இனிப்பு.