அத்தைக்குத் தைத்த ஜாக்கெட்

எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்தொன்பது வயதில், போடியில் துணி எடுத்துக்கொண்டு ஒரு தையல்காரரிடம் போனேன். பெல்பாட்டம் தைக்க வேண்டும் என்றேன். அண்ணனுக்கா என்று கேட்டார். எனக்குத்தான் என்றதும் துணியை என் பக்கமே தள்ளிவிட்டார். பெண்பிள்ளைக்குப் பேண்ட் தைத்தவர் என்று பேர் வாங்க அவருக்கு விருப்பமில்லையாம்.

பஸ் போடிமெட்டு ஏறி எங்கள் ஊரான சூரியநெல்லிக்கு வருவதற்குள், நானே தைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். அண்ணனின் நல்ல பேண்ட் ஒன்றை எடுத்துத் தையல் தையலாகப் பிரித்தேன். துண்டுகளைப் பாயில் பரப்பிப் பார்த்தபோது அதன் சூட்சுமம் கொஞ்சம் பிடிபட்டது. கையூசியாலேயே எனக்கு ஒன்று தைத்தேன். அண்ணன் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. தலைமுடியையும் கழுத்தளவுக்கு நானே வெட்டிக்கொண்டேன்.

அந்தக் கோலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் போன அன்று, வேலை வாங்கும் கங்காணி என்னைத் தனியே நிறுத்தினார். சேலையோ பாவாடையோ கட்டி வந்தால்தான் வேலை என்றார். காலில் அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க இதைவிட நல்ல உடுப்பு எது என்று கேட்டேன். திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாளும் அதையேதான் போட்டுப் போனேன். நாலாம் நாள் கொழுந்து முற்றி நின்றது, ஆள் போதவில்லை. அவரே கூடையை எடுத்துத் தந்தார். வெளியில் தலைகாட்ட முடியவில்லை என்று அம்மா அழுதாள். அது வலித்தது. ஆனாலும் நான் மாற்றவில்லை.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்தில் இரண்டு வீடு தள்ளி ஓர் அத்தை இருந்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து அவளுடைய இடது மார்பை எடுத்திருந்தார்கள். அதிலிருந்து உச்சிவெயிலிலும் கம்பளியை மேலே போர்த்திக்கொண்டே திரிவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா இல்லாத நேரம் பார்த்து வந்தாள். மகளுக்குக் கல்யாணம், அன்றைக்காவது கம்பளி இல்லாமல் நிற்க வேண்டும், ஒரு ஜாக்கெட் தைத்துத் தருவாயா என்று கேட்டாள்.

"நான் ஜாக்கெட் தைச்சதே இல்ல அத்தை."

"பேண்டும்தான் நீ அதுக்கு முன்னால தைச்சதில்ல."

அளவெடுக்கும்போது என் கை தயங்கியது. அவளே என் கையைப் பிடித்துத் தழும்பின் மேல் வைத்தாள். "இதையும் அளந்துக்கோ" என்றாள்.

முதல் ஜாக்கெட்டில் வைத்த பஞ்சு, அவள் கையைத் தூக்கியதும் கழுத்துக்கு ஏறிவிட்டது. இரண்டாவதில் தையல் தழும்பை உரசிப் புண்ணாக்கியது. சிவந்திருந்ததை நானேதான் பார்த்தேன். மூன்றாவதை வெட்டுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளந்தேன். உள்ளே பழைய வேட்டித் துணி கொடுத்தேன். இலவம்பஞ்சைக் கட்டங்கட்டமாகத் தைத்து நகராமல் நிறுத்தினேன். தையலைத் தழும்பிலிருந்து விலாவுக்குத் தள்ளினேன்.

கல்யாணத்தன்று கம்பளியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். இரண்டு கையையும் தூக்கி அட்சதை போட்டாள். ஒருவரும் அவளை வித்தியாசமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தலின் ஓரத்தில் நின்று நான் அழுதுவிட்டேன். இதுதான் என் வேலை என்று அங்கேயே தீர்மானித்தேன்.

அவளே பெண்களை என்னிடம் அனுப்பினாள். இரண்டு வருஷத்தில் கூடையை விட்டேன். கடைத்தெருவில் ஓர் அறை பிடித்து, பழைய மெஷின் ஒன்றைப் போட்டேன். முதல் வாரம் புதிதாக யாரும் எட்டிப்பார்க்கவில்லை. அடுத்த வாரம், விபத்தில் ஒரு தோள் இறங்கிப்போன லாரி டிரைவர் வந்தார். ஆம்பளைச் சட்டை தைப்பீர்களா என்று வாசலிலேயே நின்று கேட்டார். தைப்பேன் என்று உள்ளே கூப்பிட்டேன்.